மிளகு நிறுப்போர் சங்கத்தின் ஓட்டை

தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை நடத்தும் சற்குணம் அந்த வருஷம் கடவுளிடமோ மனிதரிடமோ பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கடையின் பின்பக்கத்துத் தட்டைக் கூரை ஒழுகுகிறது, அதை யாராவது அடைத்துத் தந்தால் போதும் என்றுதான் கேட்டார்.

ஒழுக்கும் பார்த்துத்தான் இடம் பிடித்திருந்தது. அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த மூலைக்கு நேர் மேலே. மழை தொடங்கியதும் அவர் மனைவி சிவனேஸ்வரி வாளி வைப்பாள். வாளி நிறைந்தால் சோற்றுப் பானை வைப்பாள். கவுன்சிலிலிருந்து வந்த சுகாதார அதிகாரிப் பெண் வாளியைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். "அடுத்த முறை நான் வரும்போதும் இப்படியே இருந்தால் கடையைப் பூட்டவேண்டி வரும்" என்று மிக அன்பாகச் சொல்லிவிட்டு, ஒரு பக்கற் முறுக்கும் வாங்கிக்கொண்டு போனாள்.

சிவனேஸ்வரியின் தம்பி றூபன் கட்டட வேலை செய்கிறவன். ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"அத்தான், இது அரைநாள் வேலை. உக்கின பலகையை மாத்திப்போட்டு மேலை தார் விரிப்பு ஒட்டினாச் சரி. ஞாயிற்றுக்கிழமை வாறன்."

"ஏலாதடா. கூரையிலை நாங்கள் கைவைச்சால் கடையை விட்டு எழும்ப வேணுமெண்டு லீஸ் ஒப்பந்தத்திலை கிடக்கு. சொந்தக்காரர்தான் செய்ய வேணும்."

"அப்ப சொந்தக்காரரைக் கேளுங்கோவன்."

சொந்தக்காரர் ஓர் ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்தக் கடைவரிசை முழுவதும் மிளகு நிறுப்போர் மாண்புமிகு சங்கத்துக்குச் சொந்தம். மத்திய காலத்தில், லண்டனில் வந்திறங்கும் மிளகை நிறுத்துப் பார்த்து முத்திரை குத்துவதற்காக வணிகர்கள் கூடி அமைத்த சங்கம் அது. அவர்களில் ஒருவர் மிளகோடு கண்ட காய்களையும் கலந்து விற்றுப் பெரும் பணக்காரரானார். சாகும் தறுவாயில் நரகத்தை நினைத்து நடுங்கி, தன் நிலத்தையெல்லாம் சங்கத்தின் பாதுகாவலரான புனித கட்வின் பெயருக்கு எழுதிவைத்தார். அவருடைய ஆன்மா எங்கே போய்ச் சேர்ந்ததென்று தெரியாது. நிலம் சங்கத்திடம் வந்து சேர்ந்தது. முதலில் அதில் பேரிக்காய்த் தோட்டம் இருந்தது, பிறகு கடைகள் வந்தன, கடைசியில் சற்குணத்தின் கூரை ஒழுகியது.

சற்குணம் தொலைபேசியில் அழைத்தார். சங்கத்தின் செயலாளர் மிஸ் வெதர்பி என்ற அம்மையார், முறைப்பாடுகளை நேரில்தான் சொல்லவேண்டும், அதுவும் வலப்பக்க வாசலால் வந்து சொல்லவேண்டும் என்றார். சற்குணம் கலியாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலேறி, லண்டன் பிரிட்ஜில் இறங்கி, ஆற்றைக் கடந்து நடந்தார். வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே, யாரோ எடுத்துவைக்க மறந்துபோனது போலச் சங்க மண்டபம் நின்றது. வாசலில் வெள்ளித் தடி பிடித்திருந்த காவலர் தரையில் தட்டி, "ஒரு அந்நியர்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். முப்பது வருஷமாக இந்த நாட்டில் இருக்கும் சற்குணத்துக்கு இது புதிதல்ல. தடியோடு சொல்லிக் கேட்டதுதான் முதல் தடவை.

மிஸ் வெதர்பி அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் வாடகைக்காரர். வாடகைக்காரர் பேசினால் சபைக்குக் காது கேட்காது. அது எங்கள் விதி. சகோதரர்கள் பேசினால்தான் கேட்கும்."

"அப்படியென்றால் சகோதரர் ஆவதற்கு என்ன வழி?"

"மிளகோடு ஏதாவது தொடர்பு இருக்கவேண்டும். பயப்படாதீர்கள், தாராளமாகத்தான் பார்ப்போம். இப்போதைய தலைவர் காப்புறுதிக் கம்பனி நடத்துகிறார். ஆனால் அவருடைய அத்தை தன் நாய்க்கு மிளகு என்று பெயர் வைத்திருந்தார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

"மிளகு விற்கிறேன்."

மிஸ் வெதர்பி பேனாவைக் கீழே வைத்தார். "உவமையாகவா?"

"இல்லை. பக்கற்றில்."

தடிக்காரர் கதவால் எட்டிப் பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். உண்மையாகவே மிளகு விற்ற கடைசிச் சகோதரர் எந்தக் காலத்தில் செத்துப்போனார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவருடைய படம் மாடிப்படியில் தொங்கியது. படத்திலும் அவர் கையில் இருந்தது திராட்சைக் குலை.

அன்றைக்கே சற்குணத்தின் பெயரை முன்மொழிந்தார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு சங்கடம். மனைவியிடம் சொன்னார்.

"சபையிலை பொய் சொல்லுறதில்லை எண்டு புனித கட்வின் பேரிலை சத்தியம் பண்ண வேணுமாமப்பா. நாங்கள் சைவ சமயக்காரர் எல்லோ?"

"கூரைக்குத்தானே பண்ணுறீங்கள்," என்றாள் சிவனேஸ்வரி. "முருகனிட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் பண்ணுங்கோ. ரண்டு மனிசிமாரைச் சமாளிக்கிற ஆளுக்கு இது பெரிய காரியமே?"

சற்குணம் வெள்ளிக்கிழமை ஆர்ச்வேயிலுள்ள கோயிலுக்குப் போய் முருகனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

சடங்கு விசேஷமாகத்தான் நடந்தது. புதுச் சகோதரரின் தலையில் மிளகு தூவுவார்கள், அவர் தும்மாமல் நிற்கவேண்டும். அதுதான் ஆதிகாலச் சோதனை. உறுப்பினர்களில் பலருக்கு மிளகு ஒத்துக்கொள்ளாது என்பதால், மிளகுக்குப் பதிலாகக் கறுப்புக் கண்ணாடி மணிகளைத் தூவினார்கள். சற்குணம் தும்மவில்லை. எல்லாரும் மெச்சினார்கள். சங்கத்தின் மதகுரு ஆசீர்வாதம் சொன்னார். அவருக்குக் கடவுளைப் பற்றிச் சில சந்தேகங்கள் இருந்தன. அங்கியின் நீளத்தைப் பற்றி ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

பிறகு விருந்து. சங்கத் தலைவர் சர் பெரெக்ரின் எழுந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சங்கிலி.

"சகோதரர்களே! மத்திய கால உலகத்தை வணிகமும் மதமும் கைகோத்துக்கொண்டு உருவாக்கின. வெனிஸ், கெய்ரோ, டிம்பக்டு, நம்முடைய புதுச் சகோதரரின் சோழமண்டலக் கரை, எங்கே பார்த்தாலும் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சந்தை. வணிகர் கடலில் போனார். கடவுள் காற்றைக் கொடுத்தார். திரும்பி வந்த வணிகர் கோபுரம் கட்டினார். மற்ற இடங்களில் அந்த மரபு அழிந்துபோயிற்று. நாம் காப்பாற்றினோம். எப்படிக் காப்பாற்றினோம்? வணிகத்தை விட்டோம், அதில் நஷ்டம் வரும். மதத்தை விட்டோம், அதில் விடியற்காலம் எழும்பவேண்டும். ஆனால் அவை இரண்டும் உட்கார்ந்து சாப்பிட்ட விருந்தை மட்டும் நாம் ஒருநாளும் விட்டதில்லை!"

மேசைகள் அதிர்ந்தன. சற்குணமும் தட்டினார். அவருக்கு முன்னாலிருந்த சூப் சப்பென்று இருந்தது. கொஞ்சம் மிளகுத்தூள் கிடைக்குமா என்று பரிமாறுகிறவரிடம் கேட்டார். மண்டபத்துக்குள் மிளகு கொண்டுவர அனுமதி இல்லை என்று அவர் காதோடு காதாகச் சொன்னார்.

அடுத்த சபைக் கூட்டத்தில் சற்குணம் எழுந்து, "என்னுடைய கடைக் கூரை ஒழுகுகிறது" என்றார். இந்த முறை சபைக்குக் காது கேட்டது.

வழக்கறிஞரான ஒரு சகோதரர் எழுந்தார். "எங்கள் விதிகளில் கூரை என்றால் வைக்கோல். இவருடையது தார். ஆகவே சட்டப்படி இவருடைய கடைக்குக் கூரையே கிடையாது. இல்லாத கூரை எப்படி ஒழுகும்?"

"ஒழுகுவதை நாம் ஒப்புக்கொண்டால் கூரை இருப்பதையும் ஒப்புக்கொண்டதாகிவிடும்," என்று இன்னொருவர் எச்சரித்தார். "பிறகு எல்லாரும் கூரை கேட்பார்கள்."

"திருத்த வேலைக் குழு என்று ஒன்று இருக்குமே?" என்றார் சற்குணம்.

"இருந்தது," என்றார் மிஸ் வெதர்பி. "அதன் உறுப்பினர்கள் எல்லாரும் காலமாகிவிட்டார்கள். புதுக் குழு அமைப்பதற்குப் பழைய குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆசீர்வாதக் குழு இருக்கிறது. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்."

சர் பெரெக்ரின் மேசையில் கையை வைத்தார். "அப்படியானால் கூரையை ஆசீர்வதிப்போம். திருத்துவது பிறகு. நம் முன்னோர்களும் முதலில் ஆசீர்வாதம் பண்ணிவிட்டுத்தான் கப்பலின் ஓட்டையைப் பார்த்தார்கள்."

அந்தக் கப்பல்கள் கரை சேர்ந்தனவா என்று கேட்கச் சற்குணத்துக்கு வாய் வந்தது. புதுச் சகோதரர் என்பதால் மூடிக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சிவப்பு அங்கியும் ரோமக் கழுத்துப்பட்டியுமாக மிளகு நிறுப்போர் சங்கம் தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனில் வந்திறங்கியது. தடிக்காரர் முன்னே நடக்க, மதகுரு பின்னே வர, நடுவில் சர் பெரெக்ரின் சங்கிலி மின்ன நடந்தார். தெருவில் போனவர்கள் சினிமாப் படப்பிடிப்பு என்று நினைத்து ஓரமாக நின்று படமெடுத்தார்கள். சிவனேஸ்வரிக்கு, வீட்டுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு முறை இருக்கிறது. கடை வாசலில் நிறைகுடம் வைத்து, பன்னீர் தெளித்து, எல்லாருக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். சங்கத்தாருக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. இவ்வளவு ஒழுங்கான சடங்கு தங்களிடம்கூட இல்லை என்று மதகுரு கொஞ்சம் பொறாமையோடு சொன்னார்.

றூபன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், பலகை உக்கிப்போச்சு. ஒராள்தான் ஏறலாம். அதுவும் மெலிஞ்ச ஆள். சொல்லுங்கோ."

சற்குணம் சொன்னார். சர் பெரெக்ரின் அவர் தோளில் தட்டினார். "சகோதரரே, இந்தச் சங்கம் கொள்ளைநோயைத் தாங்கியது. பெருந்தீயைத் தாங்கியது. பலகையா எங்களைத் தாங்காது?"

ஏறினார். பின்னால் மதகுரு ஏறினார். நான்கு மூலைக்கும் கண்ணாடி மணி தூவிவிட்டு, மண்டபத்தில் செய்வதுபோலத் தலைவர் நடுவில் வந்து நின்று மூன்று முறை காலால் தட்டவேண்டும். முதல் தட்டுக்குக் கூரை முனகியது. இரண்டாம் தட்டுக்குச் சர் பெரெக்ரினைக் காணவில்லை.

எல்லாரும் கடைக்குள் ஓடினார்கள். தலைவர் அரிசி மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தார். பக்கத்துத் தட்டையும் இழுத்துக்கொண்டு விழுந்ததால், மேலெல்லாம் மிளகுத்தூளும் மிளகாய்த்தூளும். ஒரு கீறல்கூட இல்லை. கண்ணைத் திறந்தார், வாயைத் திறந்தார், கடைவரிசை முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு தும்மல் தும்மினார்.

மதகுரு ஓட்டைக்குள்ளால் தலையை நீட்டினார். "விழுந்தார். காயமில்லை. மிளகு அவரைத் தொட்டது. சகோதரர்களே, இது புனித கட்வினின் அற்புதம்!"

"அரிசி மூட்டையிலை விழுந்தால் ஆருக்கு நோகும்?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி. தமிழில் கேட்டதால் அது பதிவாகவில்லை.

வாடகைக்காரரின் கூரையைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாத சபை, அற்புதத்தைப் பற்றி அன்று மாலையே முடிவெடுத்தது. அந்த ஓட்டை புனிதமானது. அதை யாரும் அடைக்கக்கூடாது. அடுத்த கிழமை தொடக்கம் யாத்திரிகர் வந்தார்கள். முதலில் சங்கத்தார், பிறகு தோழமைச் சங்கத்தார், பிறகு இப்படியான இடங்களை விடாமல் போய்ப் பார்க்கும் ஓய்வுபெற்ற தம்பதிகள். ஓட்டைக்குக் கீழே வெல்வெட்டுக் கயிறு கட்டினார்கள். வாளி வைக்க விடவில்லை. புனித நீர் பிளாஸ்டிக்கில் விழக்கூடாதாம். ஒரு வெள்ளிக் கிண்ணம் வைத்தார்கள். அது ஒரு நல்ல மழைக்கு நாலு நிமிஷம் தாங்கும். யாத்திரிகர்கள் குடைபிடித்துக்கொண்டு நின்று மேலே பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். போகும்போது ஆளுக்கொரு பக்கற் மிளகு வாங்கிக்கொண்டு போனார்கள். அதைச் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார்.

வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது. அதுதான் சற்குணத்தைக் கொஞ்சம் குழப்பியது. ஒரு நாள் மாலை, பருப்பு மூட்டையை எடுக்கப் பின்னுக்குப் போன சிவனேஸ்வரி திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தார். நனைந்து முளைவிட்ட பயறு மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நாட்டிலை சண்டைக்கு இடம் இடமாய் ஓடி, தறப்பாள் கொட்டிலுக்குக் கீழை படுத்தது காணுமப்பா," என்றாள். "இஞ்சை வந்தும் மழைக்குச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓட என்னாலை ஏலாது. திங்கக்கிழமை கவுன்சில்காரி வாறாள். பூட்டினால் பூட்டட்டும்."

சற்குணம் நனைந்த மூட்டையை ஓரமாக இழுத்து வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"றூபன், ஞாயிற்றுக்கிழமை வேலையோ?"

"இல்லை அத்தான். ஏன்?"

"தார் விரிப்பு எடுத்துக்கொண்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் கூரையில் ஏறினார்கள். உக்கின பலகைகளைக் கழற்றினார்கள், புதுப் பலகை அறைந்தார்கள், தாரை உருக்கி விரிப்பை ஒட்டினார்கள். கடைசி விளிம்பை அழுத்தும்போது சற்குணத்தின் கால் சறுக்கியது. "முருகா!" என்று கத்தினார். றூபன் எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்துப் போட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. சொன்னபடி அரைநாள்தான்.

திங்கட்கிழமை சுகாதார அதிகாரி வந்து, மேலே பார்த்து, "அருமை" என்று எழுதிவிட்டு முறுக்கு வாங்கிக்கொண்டு போனாள். புதன்கிழமை யாத்திரிகர் வந்தார்கள். மேலே பார்த்தார்கள். ஓட்டை இல்லை.

வெள்ளிக்கிழமை சபை சற்குணத்தைக் கூப்பிட்டது.

மண்டப வாசலில் மிஸ் வெதர்பி அவரை ஓரமாக அழைத்துப் போனார். "சகோதரரே, நன்றாக யோசித்துப் பேசுங்கள். கூரையை நீங்கள் திருத்தியிருந்தால் லீஸ் முறிந்தது, கடையை விட்டுப் போகவேண்டும். ஆனால் நிலம் புனித கட்வின் பெயரில் இருக்கிறது. சொந்தக்காரர் தன் கூரையைத் தானே திருத்திக்கொண்டால் அதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷமும் அந்த அம்மையார்தான் இந்தச் சங்கத்தை ஓட்டுகிறார் என்று சற்குணத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

சபை நடுவில் போய் நின்றார். அவருக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. நான்தான் போட்டேன், மனிதன் வேறென்ன செய்வான் என்று கேட்கவேண்டும்போல இருந்தது. கடையையும் நினைத்தார். பொய் சொல்லுவதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்ததும் ஞாபகம் வந்தது. வேறொருவருடைய சாமியின் பேரில் பண்ணின சத்தியமென்றாலும் சத்தியம் சத்தியம்தான்.

"சகோதரர் சற்குணம்," என்றார் சர் பெரெக்ரின், "ஞாயிற்றுக்கிழமை நீர் கூரையில் ஏறினீரா?"

"ஏறினேன், தலைவரே."

"அங்கே என்ன நடந்தது?"

"கால் சறுக்கி விழப்போனேன். கடவுளைக் கூப்பிட்டேன். ஒரு கை வந்து என்னைப் பிடித்தது."

சபை முழுவதும் எழுந்து நின்றது. மதகுருவின் முகம் வெளுத்துப்போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எதையோ நம்பிவிட்டார் போல இருந்தது.

"அந்தக் கை..." என்றார், "அந்தக் கை எப்படி இருந்தது?"

சற்குணம் யோசித்துப் பார்த்தார். "கொஞ்சம் தார் பட்டிருந்தது."

அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. கூரை ஏறிப் பார்ப்பது கூரையில் கைவைப்பதாகாது என்று வழக்கறிஞர் சகோதரர் விளக்கினார். கட்டடச் சொந்தக்காரரான புனித கட்வின் தன் கடமையைத் தானே நிறைவேற்றினார் என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. அவருக்கு நன்றி தெரிவித்து ஒரு விருந்தும் ஏற்பாடாயிற்று.

சற்குணம் வீட்டுக்கு வந்தபோது றூபன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி.

"கூரையைப் புனித கட்வின் போட்டவராம்."

றூபன் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "நல்ல வேலைக்காரன்தான். விளிம்பெல்லாம் வடிவாய் ஒட்டியிருக்கிறான்."

அந்த நேரம் வாசல் மணி அடித்தது. அதே கடைவரிசையில் பல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் கல்யாணி நின்றாள். சேலத்துப் பெண், தேவையில்லாமல் வாய் திறக்காதவள். அன்றைக்கு முகத்தில் ஒரு தயக்கம்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. உங்க கூரையை அந்தச் சாமியே வந்து சரி பண்ணிட்டாராமே? மிஸ் வெதர்பி சொன்னாங்க. எங்க கிளினிக்ல டிரெயினேஜ் அடைச்சு ஒரு மாசமாகுது. நாங்க தொடக்கூடாதுன்னு லீஸ்ல இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "அவர் குழாய் வேலையும் பார்ப்பாரா?"

சற்குணம் மனைவியைப் பார்த்தார். சிவனேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். றூபன் கடைசிக் கவளத்தை வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்று விழுங்கினான்.

"பாப்பார் டொக்டர்," என்றான். "ஞாயிற்றுக்கிழமை காலமை கதவைத் திறந்து விட்டுட்டு, நீங்கள் எங்கையாவது கோயிலுக்குப் போய்ட்டு வாங்கோ."